மளிகையில் மிச்சம் பிடிக்க: கூப்பனுக்கு முன்னால் கிலோ விலை

சூப்பர் மார்க்கெட் பில்லின் அடியில் "இன்று நீங்கள் சேமித்தது ரூ. 412" என்று ஒரு வரி வரும். அந்த 412 எதிலிருந்து கழித்த கணக்கு என்று பார்த்தால், பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யிலிருந்து. எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்கிற உச்சவரம்பு, அவ்வளவுதான். ஊரில் எல்லோரும் அந்த விலைக்குத்தான் விற்கிறார்கள் என்று அர்த்தமில்லை. கடை தன் சொந்த பிராண்டில் துவரம் பருப்பைக் கட்டி, 210 என்று அச்சிட்டு, 149-க்குக் கொடுத்தால் பில்லில் 61 ரூபாய் சேமிப்பு விழும். தெருமுனை அண்ணாச்சி கடையில் அதே தரத்துப் பருப்பு 140-க்குச் சில்லறையாகக் கிடைத்தால், உண்மையில் 9 ரூபாய் கூடக் கொடுத்திருக்கிறீர்கள்.

கூப்பனும் அப்படித்தான். எந்த விலையிலிருந்து தள்ளுபடி என்று தெரியாத வரை அதில் மிச்சம் இருக்கிறதா என்று சொல்லவே முடியாது. ஆகவே முதலில் விலை நோட்டு, பிறகு மாத அளவு, கடைசியில்தான் கூப்பன்.

விலை நோட்டு என்றால் பெரிய வேலை இல்லை. ஒரு வீட்டில் மளிகைச் செலவின் பெரும்பங்கு இருபத்தைந்து, முப்பது பொருள்களிலேயே போய்விடும்: சாப்பாட்டு அரிசி, இட்லி அரிசி, உளுந்து, துவரை, பாசிப்பருப்பு, கடலைப்பருப்பு, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சர்க்கரை, புளி, மிளகாய் வத்தல், மல்லி, டீத்தூள், காபித்தூள், நெய், குளியல் சோப்பு, துணி சோப்புத் தூள், பற்பசை என்று. இவற்றுக்கு மட்டும் நாலு பத்தி போதும்: பொருள், கடை, தேதி, கிலோ அல்லது லிட்டர் விலை. பாக்கெட் விலையை எழுதாதீர்கள், அது எதற்கும் உதவாது. இரண்டு மூன்று மாதத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அடிவிலை கண்ணில் படும். அந்த விலைக்குக் கிடைக்கும்போது கூடுதலாக வாங்கலாம். அதற்கு மேல் இருந்தால் அந்த மாதத் தேவைக்கு மட்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் எழுதி வைத்த நோட்டு இருந்தால் சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட், நெய், நூடுல்ஸ் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிடலாம். அன்று முதல் இவற்றுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பழைய விலையோடு ஒப்பிட்டால் எல்லாமே ஆஃபர் மாதிரித் தெரியும்.

கிலோ விலை கண்டுபிடிக்கக் கால்குலேட்டர்கூட வேண்டாம். பாக்கெட் பொருளில் எம்.ஆர்.பி. பக்கத்திலேயே யூனிட் விலையையும் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு, அதற்கு மேல் கிலோவுக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆனால் அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடை தள்ளுபடி கொடுத்தால் விற்பனை விலையை எடையால் நீங்களேதான் வகுக்க வேண்டும்.

அதிகம் ஏமாறுவது எண்ணெயில்தான். ஒரு லிட்டர் சன்பிளவர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம் இருக்கும். கடை அலமாரியில் 1 லிட்டர் பாக்கெட்டும் 850 கிராம் பாக்கெட்டும் ஒரே உயரத்தில், ஒரே பளபளப்பில் அடுத்தடுத்து நிற்கும். முதலாவது 155, இரண்டாவது 148 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு ரூபாய் மலிவு என்று கை இரண்டாவதற்குப் போகும். வகுத்துப் பார்த்தால் முதலாவது கிலோ 170 ரூபாய் சொச்சம், இரண்டாவது 174. டின்னிலும் இதே கதை. 15 கிலோ டின் என்றால் ஏறத்தாழ பதினாறரை லிட்டர். 15 லிட்டர் டின் என்றால் 13.65 கிலோதான். "பதினஞ்சு டின்" என்று வாயால் கேட்டு வாங்கினால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வித்தியாசம் எங்கே போனது என்றே தெரியாது. டின்னைத் திருப்பி, எழுத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். இன்னொன்று: நல்லெண்ணெய் வரிசையிலேயே தீப எண்ணெயும் நிற்கும், விலையும் பாதிக்குப் பக்கமாக இருக்கும். அது விளக்குக்கு மட்டும்; சமையலுக்கு ஆகாது என்று பொடி எழுத்தில் எழுதியிருப்பார்கள்.

பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்பது எப்போதும் சரியில்லை. ஷாம்பு தலைகீழ்: பல பிராண்டுகளில் பாட்டிலை விட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சாஷேயில் மில்லி விலை குறைவு. சரம் சரமாக வாங்கிப் பழைய பாட்டிலில் ஊற்றி வைப்பவர்கள் விவரமானவர்கள். ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பிஸ்கட்டில் விலை மாறாது, கிராம்தான் கரையும். குளியல் சோப்பில் எடையோடு டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்பு) சதவீதத்தையும் பாருங்கள். 76-க்கு மேல் இருந்தால் முதல் தரம். "பேதிங் பார்" என்று எழுதிய மலிவு சோப்பு தண்ணீர் பட்டால் குழைந்து போகும். கிராம் விலை குறைவாக இருந்தாலும் நாள் கணக்கில் நட்டம்.

"கூடுதல் 25 சதவீதம் இலவசம்" என்றால் 25 சதவீதத் தள்ளுபடி இல்லை, 20-தான். 20 சதவீதம் கூடுதல் என்றால் ஏறத்தாழ 17. "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் 33, "இரண்டாவது பாதி விலை" என்றால் 25. இந்த நாலையும் மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டால் அலமாரி முன்னால் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

அடுத்தது மாத அளவு. நாலு பேர் வீட்டுக்குத் தோராயமாகச் சொன்னால் சாப்பாட்டு அரிசி 20 கிலோ, இட்லி அரிசி 6 முதல் 8, உளுந்து ஒன்றரை முதல் 2, துவரை 2, மற்ற பருப்புகள் அரை அரை கிலோ, எண்ணெய் எல்லாம் சேர்த்து 4 லிட்டர், சர்க்கரை 2 கிலோ. உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பாக்கெட் பிரிக்கும் அன்றே அதன்மேல் தேதி எழுதுவது. காலியாகும்போது எத்தனை நாள் என்று தெரிந்துவிடும்.

பட்டியல் போட்டதும் முதலில் கழிக்க வேண்டியது ரேஷன். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியில் துவரை 100-க்குக் குறைவாகக் கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு கிலோவிலும் ஒரு லிட்டர் பாமாயிலிலும் வருகிற மிச்சத்தை எந்த ஆப் கூப்பனும் மாதாமாதம் தராது. பருப்பும் எண்ணெயும் மாதக் கடைசியில் தீர்ந்துவிடும் என்பதால் முதல் பத்து நாளுக்குள் போய்விடுவது நல்லது. பாமாயிலை வடை, பூரி, அப்பளம் பொரிக்க ஒதுக்கிவிட்டால் கடலை எண்ணெய்ச் செலவு குறையும். ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி போட்டு அரைத்தால் இட்லி கெட்டுப்போகாது. நன்றாகக் கழுவி, ஒரு மணி நேரம் கூடுதலாக ஊற வைத்தால் போதும். களையும்போது சில மணிகள் மிதக்கலாம். பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பொறுக்கிப் போடுகிறார்கள். அது இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணி, நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தது. வீசி எறிவது சத்தைத்தான்.

பாலுக்கு ஆவின் மாத அட்டை. அட்டை விலைக்கும் சில்லறை விலைக்கும் எப்போதும் இடைவெளி இருக்கும். 2022 நவம்பரில் ஆரஞ்சு பாக்கெட் லிட்டர் 60 ரூபாய் ஆனபோது அட்டைதாரர்களுக்கு 46 ரூபாயே தொடர்ந்தது. லிட்டருக்கு 14 ரூபாய். தினம் ஒரு லிட்டர் என்றால் மாதம் 420. இதற்கு மாதம் ஒரு முறை முன்பணம் கட்டும் சிரமம்தான். டெப்போவில் உங்கள் பாக்கெட்டுக்கு இப்போது அட்டை விலை என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

இதெல்லாம் போக மிஞ்சும் பட்டியலுக்குத்தான் கூப்பன். நம் ஊரில் பத்திரிகையைக் கத்தரித்து நீட்டுகிற கூப்பன் வழக்கம் இல்லை. இங்கே கூப்பன் என்றால் ஆப்பில் தட்டும் தள்ளுபடிக் கோடு (code), பேங்க் கார்டு ஆஃபர், கேஷ்பேக், சூப்பர் மார்க்கெட் பாயின்ட், கிஃப்ட் வவுச்சர். ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

"20 சதவீதம் தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்" என்று ஒரு கோடு வருகிறது. 500 ரூபாய்க்கு வாங்கினால் முழு 20 சதவீதம். 1,200-க்கு வாங்கினால் அதே 100 ரூபாய், அதாவது 8 சதவீதம் சொச்சம். உச்சவரம்பை வைத்து இப்படிப் பின்னோக்கி வகுத்தால் அந்தக் கோடு எந்தத் தொகைக்கு வாங்கும்போது அதிகம் தரும் என்று தெரியும். பேங்க் ஆஃபரும் அதேதான்: "1,500-க்கு மேல் 10 சதவீதம், அதிகபட்சம் 200" என்றால் 2,000 ரூபாயில் நிறுத்திக்கொள்வதே லாபம். 4,000-க்கு மாதச் சாமானையெல்லாம் ஒரே ஆர்டரில் போட்டால் 5 சதவீதம்தான் கிடைக்கும். பிரித்துப் போடலாமா? ஒரு கார்டுக்கு மாதம் ஒரு முறை என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். அப்போது வீட்டில் இருக்கும் இன்னொரு பேங்க் கார்டில் இரண்டாவது ஆர்டர்.

இரண்டு ஆஃபரை ஒன்றாகச் சேர்க்கும்போது இடறுவது வரிசையில். கார்ட்டில் (ஆப் கூடையில்) 2,050 ரூபாய்க்குச் சாமான் இருக்கிறது. பேங்க் ஆஃபருக்குக் குறைந்தபட்சம் 2,000 வேண்டும். 100 ரூபாய் கோடைப் போட்டதும் கட்ட வேண்டிய தொகை 1,950 ஆகிவிடும், பேங்கின் 200 ரூபாய் சத்தமில்லாமல் காணாமல் போகும். பணம் கட்டும் பக்கத்தில் ஆஃபர் வரி இருக்கிறதா என்று பார்க்காமல் ஓ.டி.பி. போட்டுவிட்டால் முடிந்தது. கோடு கழித்த பிறகும் 2,000 நிற்கிற மாதிரி ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கெடாத சாமான் சேர்க்க வேண்டும்: கல் உப்பு, தீப்பெட்டிக் கட்டு, பாத்திரம் தேய்க்கும் நார். எப்படியும் வாங்கப்போகும் பொருளாக இருக்கட்டும். "இன்னும் 180 ரூபாய்க்கு வாங்கினால் 75 தள்ளுபடி" என்று ஆப் சொல்வதற்காக 180-க்குச் சிப்ஸ் வாங்கினால் 105 ரூபாய் கைவிட்டுப் போகிறது.

இன்னொரு சிக்கல், ஆர்டர் போட்ட பிறகு ஒரு பொருள் ஸ்டாக் இல்லை என்று வருவது. தொகை குறைந்துபோனால் கூப்பனையும் பிடித்துக்கொள்ளும் கடைகள் உண்டு. பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் முழு விலை வராது. அதன் பங்குக்கான தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். அதனால் எல்லைக் கோட்டில் தொங்கும்படி கார்ட்டை நிரப்பாமல் நூறு ரூபாயாவது மேலே வைப்பது உத்தமம்.

பத்து நிமிட டெலிவரி ஆப்களில் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். டெலிவரி, ஹேண்ட்லிங், சின்ன கார்ட் கட்டணம், மழை பெய்தால் அதற்கொன்று, ராத்திரி என்றால் இன்னொன்று. 299 ரூபாய்க்கு 50 தள்ளுபடி என்று வாங்கி, கட்டணங்கள் 37 சேர்ந்தால் உண்மை மிச்சம் 13. டிப்ஸ், நன்கொடை என்று முன்கூட்டியே டிக் அடித்து வைத்திருப்பார்கள். நாம் கேட்காததை கார்ட்டில் நுழைப்பது, கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் மட்டும் காட்டுவது இரண்டும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் தடை செய்த 13 ஏமாற்று முறைகளில் வருபவை. இருந்தாலும் டிக்கை எடுக்க வேண்டியது நாம்தான். இந்த ஆப்களைக் கறிவேப்பிலை மறந்துபோன அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மாதச் சாமானுக்கு வேண்டாம் என்பதே எங்கள் அபிப்பிராயம்.

கேஷ்பேக்கைத் தள்ளுபடி என்று நோட்டில் எழுதாதீர்கள். அது அந்தக் கடை வாலட்டில் விழும், காலாவதித் தேதி இருக்கும், அடுத்த முறை குறைந்தபட்சத் தொகைக்கு வாங்கினால்தான் கழியும். செலவழித்த அன்று எழுதிக்கொள்ளலாம். கிஃப்ட் வவுச்சர் அதைவிட நம்பகம். பேங்க் ரிவார்டு பக்கங்களில் 1,000 ரூபாய் வவுச்சர் இரண்டு மூன்று சதவீதம் குறைவாகக் கிடைக்கும். அதை வைத்துத் தள்ளுபடி விலையிலேயே சாமான் வாங்கலாம். ஆனால் வாங்கிய வவுச்சரைத் திருப்பிக் கொடுக்க முடியாது, சிலவற்றை ஒரே பில்லில் முழுவதும் தீர்க்க வேண்டும். நிபந்தனையைப் படித்துவிட்டு, அந்த மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். புது வாடிக்கையாளர் கூப்பனுக்காக வீட்டில் இருக்கும் எல்லா நம்பரிலும் கணக்குத் தொடங்குவது பலர் செய்வது. ஒரு முகவரிக்கு, ஒரு போனுக்கு ஒன்றுதான் என்று நிபந்தனை இருந்தால் ஆர்டர் ரத்தாகும், கணக்கும் முடங்கும்.

தேதியும் பாருங்கள். ஆஃபரில் வருவது பல நேரம் காலாவதி நெருங்கிய சரக்கு. ஆன்லைனில் விற்கும் உணவுப் பொருள் கைக்கு வரும்போது அதன் ஆயுளில் 30 சதவீதமோ, 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. பத்து நாளில் முடிகிற ஜாம் பாட்டில் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். நேரில் போகும் கடையில் அதுவே பாதி விலைக்கு இருந்து, வாரத்துக்குள் தீரும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

அண்ணாச்சி கடையை மறந்துவிட வேண்டாம். அங்கே கூப்பன் கிடையாது, ஆனால் ஸ்கீம் உண்டு. சோப்பு, டீத்தூள், பற்பசைக்கு ஏஜென்சிக்காரர் பன்னிரண்டுக்கு ஒன்று என்று கடைக்குக் கூடுதலாகக் கொடுப்பார். முழு மாதப் பட்டியலை ஒன்றாகக் கொடுத்து, "அண்ணாச்சி, எதுல ஸ்கீம் ஓடுது, பார்த்துப் போடுங்க" என்று கேட்டால் எம்.ஆர்.பி.யில் குறைத்துப் போடுவார்; வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கக் கூலியும் கேட்கமாட்டார். கால் கிலோ, அரை கிலோவாகத் தினம் வாங்குகிறவருக்கு இது கிடைக்காது.

அரிசி மூட்டையில் ஒரு விசேஷம். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பாக்கெட் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீத ஜி.எஸ்.டி. 25-ஐத் தாண்டினால் இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. 25 கிலோ 1,500 ரூபாய் என்றால் அதில் வரி எழுபது ரூபாய்க்கு மேல். இரண்டு மூட்டையும் பக்கத்தில் இருந்தால் 26-ன் விலையை 26-ஆல் வகுத்துப் பார்த்து எடுங்கள். பழைய 25 கிலோ நினைப்பிலேயே விலையை ஒப்பிட்டால் 26 கூடுதலாகத் தெரியும். எடைபோட்டுத் தரும் சில்லறைப் பருப்புக்கும் இந்த வரி இல்லை. புது அரிசி மலிவு, பழைய அரிசி விலை கூட. ஆனால் பழையது உதிரியாகி அதிகம் காணும், புதுசு குழையும். உளுந்திலும் அப்படியே: உடைத்த உளுந்து கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும், நல்ல முழு உளுந்து மாவு பொங்கப் பொங்கக் காணும். கிலோ விலை மட்டும் பார்த்தால் ஏமாறும் இடங்கள் இவை.

பருவம் தெரிந்தவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை பெரிய மிச்சம். மிளகாய் வத்தல், மல்லி, புளி மூன்றுக்கும் மாசி, பங்குனியில் புதுச் சரக்கு வரும். ஈரோட்டு மஞ்சளுக்கும் ஏறத்தாழ அதே காலம். துவரை அறுவடை முடிந்து வருவது மார்கழியிலிருந்து மாசி வரை. பெரிய வெங்காயத்தில் சித்திரை, வைகாசியில் வருவது இருப்பு தாங்கும். ஐப்பசி, கார்த்திகையில் விலை ஏறும்போது வருவது ஈரச் சரக்கு, பத்து நாளில் முளைக்கும். முருங்கைக்காயைக் கார்த்திகை, மார்கழியில் வாங்குவது ஆடம்பரம். பங்குனியில் கொட்டிக் கிடக்கும்.

மொத்த விலை போக்கைத் தெரிந்துகொள்ள நாளிதழ்களில் வாரந்தோறும் வரும் விருதுநகர் சந்தை நிலவரம் நல்ல வழி. துவரம் பருப்பும் உளுந்தும் 100 கிலோ மூட்டைக்கு, கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் 15 கிலோ டின்னுக்கு என்று போட்டிருப்பார்கள். பருப்பு விலையை நூறால் வகுத்து, லாரி வாடகையும் கடை லாபமும் சேர்த்துப் பதினைந்து இருபது ரூபாய் கூட்டினால் உங்கள் தெருவில் நியாயமான விலை என்ன என்று ஊகிக்கலாம். மூட்டைக்கு இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் அந்த வாரம் அரை கிலோ மட்டும் வாங்கிப் பொறுங்கள். ஏறும்போது கடை விலை உடனே ஏறும். இறங்கும்போதுதான் ஆடி அசைந்து வரும்.

மலிவாக வாங்கிக் குவித்ததை வண்டுக்குக் கொடுத்தால் கணக்கே மாறிவிடும். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறோம்.

ரவைதான் முதலில் கெடும். வாங்கிய அன்றே மிதமான தீயில் ஐந்தாறு நிமிடம், நிறம் மாறாமல் வறுத்து, தட்டில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பூசணம் வரும். வறுக்க நேரமில்லை என்றால் பாக்கெட்டோடு ஃப்ரீசரில் நாலு நாள் வைத்து எடுங்கள், முட்டைகள் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள்; அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரித்தால்தான் ஈரம் கோக்காது.

துவரையை ஒரு நாள் வெயிலில் காயவைத்து, ஆறவைத்து எடுத்து வைத்தால் மூன்று மாதம் தாங்கும். ஆறு மாதத்துக்கு வாங்கினால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் தடவிப் பிசறுவது பழைய வழக்கம், இன்றும் வேலை செய்கிறது. சமைக்கும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். அரிசியை மட்டும் வெயிலில் போடாதீர்கள். மணி வெடித்து, சாதம் நொய்யாகிவிடும். நிழலில் உலர்த்தி, காய்ந்த வேப்பிலையும் நாலு வத்தலும் போட்டு, மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் ஏற்றுங்கள். பாதி ரேஷன் அரிசி வாங்கும் வீட்டில் அதைத் தனி டப்பாவில் வையுங்கள். ஒன்றில் வண்டு வந்தால் மற்றதற்கும் ஏறும்.

வத்தலைக் காம்பு கிள்ளாமல், முறித்தால் சத்தம் வரும்வரை காயவைத்து அடைக்க வேண்டும். புளிக்குக் கொட்டை, நார் எடுத்து வெயிலில் ஒரு நாள். பிறகு பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல் உப்பு என்று அடைத்தால் அடுத்த வருடப் புளி வரும்வரை கெடாது. அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ வேண்டாம், அரித்துவிடும். அரைத்த மசாலாப் பொடியை மூன்று மாதத்துக்கு மேல் வைத்தால் வாசனை போய்விடும். மல்லியாக, சீரகமாக முழுசாக வைத்து மாதம் ஒரு முறை அரையுங்கள்.

எண்ணெய் டின் நிஜமாகவே மலிவுதான். ஆனால் மாதம் 4 லிட்டர் செலவாகும் வீட்டில் 15 கிலோ டின் நாலு மாதம் ஓடும். திறந்த கடலை எண்ணெய் அவ்வளவு நாள் தாங்காது, காறல் வாடை வந்துவிடும். பக்கத்து வீட்டோடு பங்கு போட்டு வாங்குங்கள். கோதுமை மாவுக்கு 5 கிலோ சரி. மழைக்காலத்தில் 10 கிலோ ஆஃபரைத் தாண்டிப் போய்விடுங்கள். சோப்பு, சோப்புத் தூள், பாத்திர சோப்பு, பற்பசை எல்லாம் கெடாத சரக்கு. அடிவிலைக்கு வந்தால் மூன்று மாதத்துக்கு வாங்கிப் போடலாம். கூப்பனை உண்மையில் பயன்படுத்த ஏற்ற பொருள்களும் இவைதான், ஏனென்றால் எந்தக் கடையில் வாங்கினாலும் பொருள் ஒன்றே.

காய்க்கு ஆப்பே வேண்டாம், உழவர் சந்தை இருக்கிற ஊரில். 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது முதல் இன்றுவரை, மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் தினம் ஒரு விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். பலகையை முதலில் படித்துவிட்டு உள்ளே போங்கள். ஏழு மணிக்குள் போனால் நல்ல காய் பொறுக்கலாம், கடை கட்டும் நேரத்தில் போனால் இன்னும் குறையும், ஆனால் கீரையும் வெண்டையும் இருக்காது. தள்ளுவண்டியில் "கால் கிலோ இருபது" என்று கேட்டால் மனதுக்குள் நாலால் பெருக்கிவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

தீபாவளி மளிகைச் சீட்டு பற்றிக் கேட்பவர்கள் அதிகம். மாதம் 500 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டினால் 6,000. கடைசியில் 7,500 ரூபாய் சாமான் என்பார்கள். அந்த 7,500 எம்.ஆர்.பி. கணக்கு. பட்டியலை வாங்கி உங்கள் நோட்டு விலையில் கூட்டிப் பாருங்கள். 6,000-ஐ ஒட்டித்தான் வரும், அதிலும் நீங்கள் தொடாத பிராண்டு மைதாவும் டால்டாவும் இருக்கும். பணம் ஒரு வருடம் அவர்களிடம் சும்மா கிடந்தது தனி. நடத்துபவர் பதிவு செய்யாத தனி ஆளாக இருந்தால் அசலுக்கே உத்தரவாதம் இல்லை. அதே 500-ஐ பேங்கில் ஒரு வருட ஆர்.டி.யில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பில்) போட்டு வைத்தால் முதிரும்போது வட்டியோடு கையில் வரும், பிடித்த கடையில் வாங்கலாம்.

பில் போடும்போது திரையைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். அலமாரி அட்டையில் 89, ஸ்கேன் செய்தால் 99 என்பது வாரக் கடைசியில் சகஜம். ஆஃபர் முடிந்தும் அட்டையை எடுத்திருக்கமாட்டார்கள், அல்லது ஆஃபர் சிஸ்டத்தில் ஏறியிருக்காது. ஆஃபர் அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனால் கவுன்டரில் வாதாட வேண்டியிருக்காது. இலவசப் பொருளையும் ஸ்கேன் செய்தார்களா, அது பூஜ்யம் ஆனதா என்று பாருங்கள். சில்லறைச் சாமான் நிறுக்கும்போது தட்டு வைத்ததும் தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். முந்திரி, ஏலக்காய் மாதிரிப் பொருளில் பத்து கிராம் டப்பா எடைகூடக் காசுதான். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, பில்லைத் திருத்தித் தர மறுத்தாலோ பில்லையும் பாக்கெட்டையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில் இல்லாமல் அழைத்துப் பயனில்லை. ஆன்லைன் என்றால் ஆர்டர் எண்ணும் கடைசிப் பக்க ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும்.